கொடைக்குப் போகும் வழி

சுடலைமாடன் கோயில் கொடை விழாவுக்கு நாள் குறிக்க ஊர்க்கூட்டம் கூடுவது பங்குனிக் கடைசியில்தான். தலைக்கட்டு வரி இவ்வளவு என்று முடிவாகி, வில்லுப்பாட்டுக்கு ஆள் பேசி, மேளத்துக்கு முன்பணம் கொடுத்த பிறகே வள்ளியூர்ப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து, நாங்கள் இருக்கும் நவி மும்பை கோபர்கைரனேக்குப் போன் வரும். அப்போது கொடைக்கு ஒரு மாதம்கூட மிச்சம் இருக்காது. ரயில் முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் மே மாதத்துக்கு அந்த 60 நாளே எங்களுக்கு எட்டாத தூரம். தாதரிலிருந்து திருநெல்வேலி போகும் வண்டியிலும் மும்பை சி.எஸ்.எம்.டி.யிலிருந்து நாகர்கோவில் போகும் வண்டியிலும் அதற்குள் வெயிட்டிங் லிஸ்ட் ஏறியிருக்கும். தத்கலில் ஐந்து பேருக்குச் சேர்ந்தாற்போல் இடம் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. எனவே 2025 சித்திரையில் எங்கள் முன் இருந்தவை இரண்டே வழிகள்: ஆகாயம், இல்லையென்றால் சாலை.

போகிறவர்கள் யார் என்பதை முதலில் சொல்ல வேண்டும், ஏனெனில் முடிவு அதில்தான் இருக்கிறது. நானும் என் கணவரும் இருவருமே கார் ஓட்டுவோம். மகள் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள், மகன் ஆறாம் வகுப்புக்கு. ஐந்தாவது ஆள் என் அத்தை, கணவரின் தாயார். எழுபதைத் தாண்டியவர், இரண்டு முழங்காலும் தேய்ந்தவர். அவருடைய தகப்பனார் தாராவியில் தோல் பதனிடும் வேலைக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து ரயிலேறி வந்தவர். அத்தை பிறந்ததும் மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில் படித்ததும் அங்கேதான். அரசு நிறுவனமான சிட்கோ கட்டிய சின்ன ரோ ஹவுஸ் ஒன்றை வாங்கிக்கொண்டு குடும்பம் கடலுக்கு இந்தப் பக்கம் வந்த பிறகும், மாட்டுங்காவுக்குப் போய்ப் பூ வாங்குவதையும் கொடைக்கு ஊர் போவதையும் அவர் விட்டதில்லை.

கணவர் கணக்கை ஒரு காகிதத்தில் போட்டார். எங்கள் வீட்டிலிருந்து வள்ளியூர் ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். எங்கள் வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கும். ஆக ஒரு வழிக்கு 100 லிட்டர் பெட்ரோல். மும்பை விலைக்குப் பத்தாயிரத்துச் சொச்சம். இதோடு சுங்கச்சாவடிகள். மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வே முழுத் தூரத்துக்கு மட்டும் காருக்கு 320 ரூபாய். வழியில் இரவுத் தங்கல், சாப்பாடு. விமானம் என்றால் மே மாதத்தில் ஆளுக்கு ஒரு வழி எட்டாயிரம், ஒன்பதாயிரம் என்று காட்டியது. அதை ஐந்தால் பெருக்கி மறுபடி இரண்டால் பெருக்க வேண்டும். இறங்கிய பிறகு ஊரில் இருக்கும் நாளெல்லாம் வாடகைக் கார். எங்களுடையது ஒரே ஊருக்குப் போய் உட்கார்ந்து திரும்பும் பயணமும் அல்ல. கணவரின் சித்தி நாங்குநேரியில், என் பிறந்த வீடு களக்காட்டில், அத்தையின் தம்பி ராதாபுரத்தில். அங்கெல்லாம் பஸ் உண்டு. ஆனால் தேய்ந்த முழங்காலோடு டவுன் பஸ் படி ஏறுவது அத்தைக்கு முடியாத காரியம்.

நேரக் கணக்கு பேசுகிறவர்கள் பறக்கும் நேரத்தை மட்டும் சொல்வார்கள். எங்கள் ஊருக்குப் பக்கத்தில், மும்பையிலிருந்து நேராகப் போகக்கூடிய விமான நிலையம் திருவனந்தபுரம். பறப்பது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான். அதற்கு முன்னால் வாஷி பாலம் தாண்டி, மும்பை நெரிசலில் புகுந்து, புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். இறங்கிப் பெட்டி எடுத்து, நாகர்கோவில் வழியாக வள்ளியூர் வர இன்னும் மூன்று மணி நேரம். வீட்டுக் கதவைப் பூட்டியதிலிருந்து ஊர்த் திண்ணையில் உட்காரும்வரை பத்து மணி நேரம் வந்துவிடும். காரில் போனால் இரண்டு இரவுத் தங்கல். வித்தியாசம் பெரியதுதான், மறுக்கவில்லை. நாலு நாள் லீவு மட்டும் இருக்கிறவர் இதை யோசிக்கவே வேண்டாம், பறந்துவிடலாம். பள்ளி விடுமுறையும் கணவரின் சேர்த்துவைத்த லீவும் சேர்ந்து எங்களுக்கு நாள் தாராளமாக இருந்தது.

மூட்டையையும் சொல்ல வேண்டும். உள்நாட்டு விமானத்தில் பொதுவாக ஆளுக்குப் பதினைந்து கிலோ, கையில் ஏழு கிலோ. ஊருக்குப் போகிற பம்பாய்க்காரர்களின் மூட்டை அதில் அடங்காது. தாராவியில் வாங்கிய தோல் பைகள், மாமன் மக்களுக்குத் துணி, சாமிக்குப் பட்டு. திரும்பும்போது இதைவிட மோசம்: கருப்பட்டி, அரிசி, நல்லெண்ணெய், தேங்காய். கொப்பரையில் எண்ணெய் மிகுதி, எளிதில் தீப்பிடிக்கும் என்பதால் அது விமானத்தில் ஏறவே கூடாது. சபரிமலைக்குப் போகிறவர்கள் இருமுடித் தேங்காயைக் கையில் கொண்டுபோகவே, 2024 அக்டோபரில் விமானப் பாதுகாப்புத் துறை அந்தப் பருவத்துக்கு மட்டும் தனி அனுமதி தரவேண்டியிருந்தது.

இவ்வளவும் கார் பக்கம் சாய்ந்தபோதும் எனக்கு ஒரு பயம் விடவில்லை. 2022இல் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்கிறது மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சக அறிக்கை. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேசிய நெடுஞ்சாலைகளில். விமானம் கார் இரண்டையும் பாதுகாப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்து நிறுத்தால் விமானம்தான் ஜெயிக்கும். அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆகவே காரில் போவதென்றால் எப்படிப் போவது என்பதை முன்பே பேசி முடிவு செய்தோம். பொழுது சாய்ந்த பிறகு ஓட்டக் கூடாது. விளக்கில்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிகளும், எதிர்த்திசையில் வரும் டிராக்டர்களும் இருட்டில்தான் உயிரைக் கேட்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஓட்டுகிறவர் மாற வேண்டும். பின்னிருக்கையிலும் பெல்ட் போட வேண்டும். 2022 செப்டம்பர் 4 அன்று, டாடா சன்ஸின் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி அகமதாபாத்–மும்பை நெடுஞ்சாலையில் இறந்தபோது பின்னிருக்கையில் பெல்ட் இல்லாமல்தான் இருந்தார். அத்தைக்கு வயிற்றில் பெல்ட் அழுத்தினால் பிடிக்காது. அந்தச் செய்தியை அவரே டி.வி.யில் பார்த்திருந்ததால் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. இடுப்பெலும்பின் மேல் பட்டை படியுமாறு கீழே இழுத்துவிட்டேன், சரியாகிவிட்டது.

விடியுமுன் கிளம்பினோம். தானே–பேலாப்பூர் சாலையில் அந்த நேரத்தில் கம்பெனி பஸ்களும் துர்பே மார்க்கெட்டுக்கு வரும் காய்கறி லாரிகளும்தான். சயான்–பன்வேல் சாலையில் ஏறி, களம்போலியில் எக்ஸ்பிரஸ்வே பிடித்து, போர்காட் ஏறி முடிப்பதற்குள் வெளுத்துவிட்டது. அதுவரை நல்ல பாதை. புனேவைத் தாண்டிய பிறகு சத்தாரா, கராட், கோலாப்பூர் என்று நீளும் பகுதியில் சாலையை ஆறுவழியாக்கும் வேலை. பாலம் கட்டும் இடமெல்லாம் வண்டியைக் கீழே இறக்கிவிடுகிறார்கள். வரைபடம் காட்டிய நேரத்தைவிட வெகு நேரம் பிந்தினோம்.

இந்த வழித்தடத்தைப் பற்றிப் பேசுகிற ஆண்கள் டோல், மைலேஜ், ஓட்டல் எல்லாம் சொல்வார்கள். கழிப்பறையைச் சொல்ல மாட்டார்கள். ஒரு குடும்பம் காரில் போகலாமா கூடாதா என்பதில் பாதி முடிவு அங்கேதான் இருக்கிறது. எக்ஸ்பிரஸ்வேயில் காலாப்பூர் உணவகத்தில் நல்ல வசதி உண்டு. கோலாப்பூருக்குப் பிறகு அப்படி நம்ப முடியவில்லை. பெட்ரோல் பங்க்தான் கதி. அங்கே கழிப்பறை வைத்திருப்பது பங்க் நடத்துகிறவர்களின் கடமை. ஆனால் நாங்கள் நிறுத்திய ஓரிடத்தில் பூட்டு தொங்கியது, இன்னோரிடத்தில் தண்ணீர் இல்லை. தண்ணீர் இருந்த இடத்தில் தரையோடு பதித்த பீங்கான். குத்த வைக்க முடியாத அத்தைக்கு அது இருந்தும் பயனில்லை. இதெல்லாம் தெரிந்துதான் அவர் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறார். மே மாத வெயில், எழுபது வயது, சர்க்கரை வேறு. நிப்பாணியைத் தாண்டும்போது உதடு காய்ந்திருந்ததைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

“ஏன் அத்தை தண்ணி குடிக்கல?”

“எதுக்குட்டி, அங்கங்க வண்டிய நிறுத்திக்கிட்டு. ராத்திரி குடிச்சிக்கிடுதேன்.”

அதன் பிறகு ஒரு ஏற்பாடு செய்தேன். பெலகாவியில் மருந்துக் கடைகள் உள்ள தெருவில் விசாரித்து, மடக்கி விரிக்கும் கமோடு நாற்காலி ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டுக்கொண்டோம். நாற்காலியைக் கால் நிற்கும்படி அந்தப் பீங்கானின் மேலேயே விரித்துவிட்டால் போதும். மீதிப் பயணம் முழுக்க அத்தை நிம்மதியாகத் தண்ணீர் குடித்தார். வயதானவர்களைக் காரில் கூட்டிப்போகிறவர்கள் ஸ்டெப்னிக்கு அடுத்தபடியாக இதை எடுத்து வைக்க வேண்டும் என்பேன்.

தார்வாடு–ஹூப்ளி பைபாஸில் கணவர் பேச்சையே நிறுத்திவிட்டு ஓட்டினார். நாலுவழிச் சாலையாக வந்து திடீரென்று இருவழியாக ஒடுங்கி, அதன் பிறகு மறுபடி அகலும் பாதையாக அது நெடுங்காலம் இருந்தது. 2021 ஜனவரியில் தாவணகெரேயிலிருந்து கோவாவுக்குச் சுற்றுலா கிளம்பிய பள்ளிக் காலத் தோழிகள் சென்ற வேன், அங்கே டிப்பர் லாரியோடு மோதிப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர்களும் விடுமுறைக்குத்தான் போனார்கள். அந்தப் பாதையை அகலப்படுத்தும் வேலைக்கு வேகம் வருவதற்கு அத்தனை உயிர் போக வேண்டியிருந்ததை நினைத்தால் மனம் ஆறவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே ஹூப்ளியில் அறை எடுத்துவிட்டோம். இன்னும் இருநூறு கிலோமீட்டர் போய்ச் சித்ரதுர்காவில் தங்கியிருக்கலாமே என்று ஊரில் பலர் கேட்டார்கள். போயிருக்கலாம். இருட்டில் போயிருப்போம்.

மறுநாள் காலை ஹாவேரி மாவட்டத்தில் மோட்டெபென்னூர் பக்கம் வந்ததும் வத்தல் நெடி வண்டிக்குள் வந்தது. பியாடகி மிளகாய்ச் சந்தை பக்கத்தில்தான். 2011இல் புவிசார் குறியீடு பெற்ற மிளகாய். நிறம்தான் அதன் செல்வம், சாயம் எடுப்பதற்கே கம்பெனிகள் வாங்குகின்றன. சாலையோரக் கடையில் அத்தை இறங்கி ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். சாக்கிலிருந்து ஒரு வத்தலை எடுத்தார். நீளம், தோல் முழுக்கச் சுருக்கம், கறுப்போடிய சிவப்பு. காம்பைக் கிள்ளி, நடுவில் ஒடித்து, விதையை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். பிறகு நுனி நாக்கில் வைத்தார்.

“காரமே இல்ல. நெறத்துக்கு மட்டுந்தான். நம்ம குண்டு வத்தல் பாதி சேக்கணும்.”

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, அத்தைக்குக் கன்னடம் தெரியாது. தாராவி இந்தியில் இரண்டு கிலோவை விலை பேசி முடித்தார். குண்டு வத்தலை அதற்கடுத்த நாள் விருதுநகரில் வாங்கினோம். அந்த இரண்டையும் கலந்து ஊரில் அரைத்த பொடிதான் பல மாதம் எங்கள் வீட்டு மீன் குழம்புக்குப் போனது. சும்மா இறங்கி நிற்கவும், ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கவும், அவருக்குத் தெரிந்த ஒன்றைப் பேரப்பிள்ளைகள் பார்க்கச் செய்யவும் சாலையில் இடம் இருக்கிறது. இதற்காகவும்தான் காரைத் தேர்ந்தேன் என்பதை அந்தக் கடை வாசலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தாவணகெரேயில் வெண்ணெய் தோசை. சித்ரதுர்கா மலைகளின் மேல் காற்றாலைகள். தும்கூர் வரை சாலை அருமையாக ஓடியது. பெங்களூருக்குள் நுழையாமல் நைஸ் ரோட்டைப் பிடித்து எலக்ட்ரானிக் சிட்டியில் வெளியே வந்தோம். அதற்குத் தனிச் சுங்கம். ஊருக்குள் மாட்டிக்கொண்டால் போகிற நேரத்தோடு ஒப்பிட்டால் கொடுக்கலாம். அத்திப்பள்ளி தாண்டி ஓசூரில் தமிழ்ப் பலகைகள் தொடங்கின. என் பிள்ளைகள் மராத்தியும் இந்தியும் இங்கிலீஷும் சரளமாகப் படிப்பார்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து மட்டும் தடுமாற்றம். மகன் ஜன்னலில் முகத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பலகையாகக் கூட்டிப் படித்தான். ‘சூளகிரி’யில் ள-வைக் கண்டு நின்றான். அத்தை அவன் முதுகில் விரலால் எழுதிக் காட்டினார். சேலம் வருவதற்குள் பலகை கடந்துபோகிற வேகத்துக்குப் படிக்கப் பழகியிருந்தான்.

தர்மபுரிக்குத் தெற்கே தொப்பூர்க் கணவாயில் நான் ஓட்டினேன். சேலத்தை நோக்கிப் போகும்போது அது நீண்ட இறக்கம். டீசல் மிச்சம் பிடிக்கச் சில லாரிக்காரர்கள் நியூட்ரலில் இறக்குவார்கள். பிரேக் மட்டுமே சுமையைத் தாங்கித் தாங்கிச் சூடேறி, கடைசியில் பிடிக்காமல் போய்விடும். அங்கே நடந்த பெரிய விபத்துகள் பலவற்றின் கதை இதுதான். மூன்றாவது கியரில் வைத்து, எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும்படி இறக்கினேன். லாரிக்குப் பக்கத்தில் ஓடாமலும் முன்னால் போகாமலும் பார்த்துக்கொண்டேன். சேலத்தில் தங்கல். அடுத்த நாள் நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, கோவில்பட்டி என்று அந்த நாலுவழிச் சாலையில் சொல்வதற்கு வெயிலைத் தவிர அதிகம் இல்லை. பிற்பகலில் ஊர்.

கொடை மூன்று நாளும் கார் சும்மா நிற்கவில்லை. சாமக்கொடைக்கு அத்தையைக் கோயில் வரை கொண்டுவிட, இடையில் களைத்தவரை வீட்டுக்குக் கூட்டிவர, வில்லுப்பாட்டு கேட்க மறுபடி கொண்டுபோக. கொடை முடிந்து நாங்குநேரி, களக்காடு, ராதாபுரம் சுற்றி, திருச்செந்தூரில் கடலாடி வந்ததெல்லாம் வாடகை வண்டிக்காரரின் நேரத்துக்கு அடங்கியிருக்காது.

திரும்பும் வேளையில் நிலைமை வேறு. அத்தையின் முழங்கால் வீங்கியிருந்தது. கொடையில் நின்ற நிற்பு, வந்த வழியில் உட்கார்ந்த உட்காரல் இரண்டும் சேர்ந்த வீக்கம். மகளுக்குப் பத்தாம் வகுப்பு டியூஷன் தொடங்கப்போகிறது. இது மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே விடை உள்ள கேள்வி அல்ல என்று எனக்குத் தெளிவாகப் பட்டது அப்போதுதான். போகும்போது சரியாக இருந்த வழி அதே உடம்புக்குத் திரும்பும்போது சரியாக இல்லை. அத்தைக்கும் மகளுக்கும் திருவனந்தபுரத்திலிருந்து டிக்கெட் போட்டோம். பதிவு செய்யும்போதே சக்கர நாற்காலி வேண்டும் என்று குறித்துவிட்டால், கவுண்டரிலிருந்து விமான வாசல்வரை ஆள் தள்ளிக்கொண்டு போவார். அத்தை முதலில் வெட்கப்பட்டார். வரிசை எதிலும் நிற்காமல் உள்ளே போனதை அன்று ராத்திரி போனில் வெகுநேரம் சொன்னார்.

நாங்கள் மூவரும் சாலையில் திரும்பினோம். கர்நாடகத்தைத் தாண்டும்போதே வானம் இருண்டுவிட்டது. வழக்கமாக ஜூன் 11 வாக்கில் மும்பைக்கு வரும் பருவமழை அந்த ஆண்டு மே 26ஆம் தேதியே வந்து இறங்கியது. சத்தாராவுக்கு மேல் வைப்பர் நிற்கவே இல்லை. அரைகுறையாக நிற்கும் மேம்பாலங்களுக்குக் கீழே மாற்றுப்பாதை முழுக்க முழங்கால் சேறு. போர்காட்டில் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது. அத்தை வீட்டில் காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டு இருக்கிறார் என்ற நினைப்பு எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்லி முடியாது.

அதற்குப் பிறகு கணக்கின் எண்கள் மாறியிருக்கின்றன. தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையத்தின் புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. பழைய ஓடுபாதையில் சிறிய ஏ.டி.ஆர். விமானங்கள்தான் இறங்கின, இப்போது 3,115 மீட்டராக நீட்டியிருப்பதால் பெரிய விமானமும் இறங்கலாம். ஆகஸ்ட் 15 முதல் 3,000 ரூபாய்க்கு ஃபாஸ்டாக் ஆண்டு அனுமதி வந்தது: சொந்தக் காருக்குத் தேசிய நெடுஞ்சாலைச் சுங்கச்சாவடிகளில் ஓராண்டு அல்லது 200 முறை. மும்பை–புனே எக்ஸ்பிரஸ்வேக்கும் நைஸ் ரோட்டுக்கும் அது செல்லாது. ஆனாலும் எங்களைப் போல நீண்ட தூரம் போகிறவர்களுக்கு லாபம்தான். டிசம்பர் 25 முதல் உல்வேயில் நவி மும்பை விமான நிலையமும் ஓடத் தொடங்கிவிட்டது. வாஷி பாலத்தைத் தாண்ட வேண்டியதில்லை. கோபர்கைரனேக்காரர்களுக்கு அதுவே பெரிய மிச்சம்.

இனி வேண்டியது உல்வேயிலிருந்து வாகைக்குளத்துக்கு ஒரு நேரடி விமானம். தாராவியிலும் செம்பூரிலும் நவி மும்பையிலும் இருக்கிற நெல்லை, தூத்துக்குடிக் குடும்பங்கள் கொடைக்கும் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வருவதே அதை நிரப்பிவிடும். வாகைக்குளத்திலிருந்து எங்கள் ஊர் ஒன்றரை மணி நேரம். அது வரும்வரை எங்கள் வீட்டில், போகும்போது எல்லாரும் காரில், திரும்பும்போது அத்தைக்கும் கூட ஒருவருக்கும் டிக்கெட். கமோடு நாற்காலி டிக்கியிலேயே இருக்கிறது.